பச்சாதாபம் அல்ல, ஒத்துணர்வு

"பச்சாதாபத்துடன் செவிமடுங்கள்." திருகோணமலையில் உளவளத்துணை (கவுன்சலிங்) பயிற்சிக்கென்று கொடுக்கப்படும் தாள்களில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. பிறர் உணர்வதை அவர் நிலையில் நின்று உணர்வதைக் குறிக்கும் 'எம்பதி' (empathy) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாம் இது. கணினி மொழிபெயர்ப்பும் இதையே தருவதால், ஒருவர் விட்ட பிழையை மற்றவர் அப்படியே எடுத்தாளுகிறார்.

எம்பதியின் வேர் கிரேக்கம்: 'உள்' என்ற முன்னொட்டும், உணர்ச்சியையும் துன்பத்தையும் குறிக்கும் 'பாத்தொஸ்' என்ற சொல்லும். ஆனால் கருத்து ஜெர்மனியில் பிறந்தது. 1873இல் ஜெர்மன் மெய்யியலாளர் ரொபேர்ட் ஃபிஷர் கலைப்பொருளுக்குள் புகுந்து உணர்வதை 'ஐன்ஃபியூலுங்' என்றார். தியோடோர் லிப்ஸ் அதை உளவியலுக்குக் கொண்டுவந்தார். 1909இல் உளவியலாளர் டிச்னர் அதை 'எம்பதி' என்று ஆங்கிலச் சொல்லாக்கினார். இன்றைய கிரேக்கத்தில் 'எம்பாதியா' என்றால் வன்மம். வேரை மட்டும் பார்த்துப் பொருள் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும்.

பச்சாதாபம் வடசொல். 'பச்சாத்' என்றால் பின்னர். 'தாபம்' என்றால் எரிவு. செய்து முடித்த பிறகு மனம் எரிவது, அதாவது கழிவிரக்கம். பேச்சுவழக்கில் 'ஐயோ பாவம்' என்ற இரக்கமும் அதில் சேர்ந்துகொண்டது. எம்பதி இந்த இரண்டும் அல்ல. சிங்களத்தில் 'பஸ்சாத்தாபய' என்றால் இன்றும் செய்ததற்கு வருந்துவதுதான். இரு மொழியினரும் ஒரே மேசையில் இருந்து வேலை செய்யும் இந்த மாவட்டத்தில், தமிழ் அலுவலர் 'பச்சாதாபம்' என்றால் சிங்கள அலுவலர், யார் என்ன குற்றம் செய்தார் என்றுதான் யோசிப்பார்.

அனுதாபமும் வடமொழியில் கழிவிரக்கம்தானே, தமிழில் பொருள் மாறவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அனுதாபம் மாறி ஒரே பொருளில் நிலைத்துவிட்டது. பச்சாதாபம் நிலைக்கவில்லை, பழைய இரண்டு பொருளும் அதில் உயிரோடு இருக்கின்றன. மூன்றாவதை ஏற்றினால் எதைச் சொல்கிறோம் என்று யாருக்கும் விளங்காது. மனஸ்தாபத்தைப் பாருங்கள். கத்தோலிக்கச் செபத்தில் அது பாவத்துக்கு வருந்துதல். வீதியில் இருவருக்கிடையிலான பிணக்கு. இடம் வேறு என்பதால் அங்கே குழப்பம் இல்லை. பச்சாதாபத்துக்கு அந்த வசதி கிடையாது.

குழப்பத்தின் விலையைக் கொடுப்பவர் உதவி தேடி வருபவர். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை என்று ஒரு தாய் சொல்கிறார். பச்சாதாபம் என்று படித்தவர் கண்கலங்கி, "கவலைப்படாதேங்கோ அம்மா, எல்லாம் கடவுள் விட்ட வழி" என்பார். தாயின் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எம்பதி கேட்கும் வேலை வேறு: சொன்னதை அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்வது, அதில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, சரிதானா என்று கேட்பது. "ஒவ்வொரு வள்ளம் கரைக்கு வரேக்கயும் அவன்தானோ எண்டு எழும்பிப் பாத்திருக்கிறீங்கள். நம்பவும் ஏலாமல், விடவும் ஏலாமல் கிடக்கு. அப்பிடியோ அம்மா?" இல்லை என்று அவர் திருத்தினால் அதுவும் நல்லது, பேச்சு தொடரும்.

விலங்குகளைப் பற்றி எழுதும்போது பிழை இன்னும் பெரிதாகிறது. 2011இல் சிகாகோ ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், குழாய்க்குள் அடைபட்ட கூட்டாளியை எலி கதவு திறந்து விடுவித்தது. பக்கத்தில் இன்னொரு குழாயில் சொக்லேட் இருந்தபோதும் விடுவித்தது. இதை 'எலியின் பச்சாதாபம்' என்று எழுதினால், எலி எதற்கோ வருந்தித் திருந்தியதாகிவிடும்.

'பரிவு' என்று எழுதுவோரும் உண்டு. அழகான சொல், ஆனால் அதில் அன்பு கட்டாயம். பிறர் வலியை நன்றாக உணரத் தெரிந்தவர் அதே இடத்தில் குத்தவும் முடியும்; எம்பதி அன்புக்கு உத்தரவாதம் அல்ல. 'பிறர்நிலையறிதல்' அறிவை மட்டும் பிடித்து உணர்வை விட்டுவிடுகிறது.

ஒத்துணர்வு இரண்டையும் பிடிக்கிறது. 'ஒத்து ஊதுதல்' நினைவுக்கு வருகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். நாதஸ்வரத்தோடு ஒத்து ஊதுபவர் சுருதியை விடாமல் நிற்பார். இராகத்தைத் தன் கையில் எடுக்கமாட்டார். உளவளத்துணையாளர் இருக்கவேண்டிய இடமும் அதுதான். ஒத்தல் என்றால் ஒன்றாகிப்போவது அல்ல. பிறிதின் நோயைத் 'தந்நோய்போல்' போற்றச் சொன்ன குறளின் (315) உயிர் அந்தப் 'போல்' என்ற உருபில் இருக்கிறது. 1957இல் உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் உளவளத்துணையாளருக்கு வைத்த நிபந்தனையும் இதுவே: தன்னுடையது போல உணர், அந்தப் 'போல'வை இழந்துவிடாதே. இழந்தால் கேட்பவரும் சேர்ந்து மூழ்குவார்.

வினையாக்கிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். பச்சாதாபம் 'படு' என்ற துணைவினையைத்தான் கேட்கும். ஒருவர்மேல், ஒருவருக்காகப் படுவது. ஒத்துணர் என்பது செய்வினை: "அவருடைய பயத்தை ஒத்துணர்ந்தேன்." பயிற்சித் தாள்களின் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு வரியையாவது "ஒத்துணர்ந்து செவிமடுங்கள்" என்று மாற்றிவிடுங்கள்.