செயின்சாவின் ஹெச் ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்

இந்த மாதத்தில் என்னிடம் பழுதாகி வந்த செயின்சா பிஸ்டன்களில் இது நான்காவது. நான்கையும் மேஜை மேல் வரிசையாக வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் புகை வெளியேறும் பக்கம் மட்டும், அரத்தால் இழுத்த மாதிரி மேலிருந்து கீழாகக் கிழிந்திருக்கிறது. ரிங் அலுமினியத்தோடு ஒட்டிப்போய், நகத்தால் அழுத்தினாலும் அசையவில்லை. எதிர்ப்பக்கத்தில், பெட்ரோல் உள்ளே வரும் பக்கத்தில், கம்பெனியில் கடைந்த மெல்லிய கோடுகள்கூட அழியாமல் புதுசு போலவே இருக்கின்றன.

இந்த நான்காவதைக் கொண்டு வந்த தம்பி சொன்னது இதுதான் (ஹெச் ஸ்க்ரூ என்பது கார்புரேட்டரில் ஃபுல் ரேஸுக்கான பெட்ரோல் அளவை வைக்கும் திருகு): "அண்ணே, சைலன்சரைத் திறந்துவிட்டேன், வீடியோ பார்த்து எக்ஸாஸ்ட் போர்ட்டையும் கொஞ்சம் பெரிசாக்கினேன். அப்புறம் ஃபுல் ரேஸில் சத்தம் தடதடன்னு அடைச்ச மாதிரி இருந்துச்சு, ஹெச் ஸ்க்ரூவை டைட் வச்சேன். சும்மா விசில் மாதிரி கத்துச்சு. ரெண்டு நாள் சூப்பரா அறுத்துச்சு."

மூன்றாம் நாள் பாதி மரத்தில் நின்றுவிட்டது. கயிறு இழுக்க வரவில்லை.

அந்தத் தடதடப்புதான் மிஷினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைக் கோளாறு என்று நினைத்து சரிசெய்கிறவர்களுக்கு எத்தனை முறை சொல்வது என்று தெரியவில்லை, அதனால் இன்று முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஹெச் ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகினால் ஃபுல் ரேஸில் உள்ளே போகும் பெட்ரோல் குறைகிறது. சும்மா கையில் பிடித்து ரேஸ் கொடுக்கும்போது சுற்று ஏறுகிறது, சத்தம் கூர்மையாகிறது. இதைத்தான் எல்லோரும் பவர் என்று நினைக்கிறார்கள். சும்மா ஓடும்போது எத்தனை சுற்று என்பதற்கும் மரத்துக்குள் என்ன வேகத்தில் இறங்குகிறது என்பதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. 70 சிசி அளவிலான தொழில்முறை மிஷின்கள் பலவற்றில் கம்பெனி அனுமதிக்கும் உச்சம் நிமிடத்துக்கு 13,500 சுற்று போல இருக்கும். ஆனால் அவை முழுச் சக்தியைத் தருவது 9,500 சுற்றுக்குப் பக்கத்தில்தான். மரத்தில் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் தகடு, இறங்கியதும் சுற்று அங்கேதான் வந்து நிற்கிறது. 13,500 என்றாலே பிஸ்டன் நொடிக்கு 225 முறை மேலும் கீழும் போய்வருகிறது என்று அர்த்தம். அதையும் தாண்டி ஏற்றுவதால் ஒரு மரத்தூள்கூட அதிகமாக விழப்போவதில்லை.

இன்னொன்று, பைக் ஓட்டிப் பழகியவர்கள் மறந்துவிடும் விஷயம். நான்கு ஸ்ட்ரோக் பைக்கில் ஆயில் தனியாகக் கீழே இருக்கிறது, பெட்ரோலைக் குறைத்தால் மைலேஜ் கிடைக்கலாம். செயின்சாவில் ஆயில் பெட்ரோலுக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோலை மூடினால் ஆயிலையும் மூடுகிறீர்கள். பிஸ்டனைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான், அதையும் மூடுகிறீர்கள். சூடு ஏறுகிறது, சுற்று ஏறுகிறது, எண்ணெய் இறங்குகிறது, மூன்றும் ஒரே திருகலில். இதில் பிஸ்டன் பிழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

சரி, அப்படியானால் எது சரியான சத்தம்? என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மரத்தைத் தொடாமல் ஓரிரு நொடி முழு ரேஸ் கொடுத்தால் லேசான தடதடப்பு கேட்க வேண்டும். பாரை மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தத் தடதடப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். அழுத்தத்தை எடுத்தால் மறுபடி வர வேண்டும். மரத்துக்குள்ளும் தடதடத்தால் பெட்ரோல் அதிகம். வெளியே எடுத்தாலும் விசிலடித்தால் பெட்ரோல் குறைவு, உடனே ரேஸை விடுங்கள்.

காதை மட்டும் நம்ப முடியாத இடமும் உண்டு. பல மிஷின்களில், பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் (coil) தானே உச்ச சுற்றில் பொறியை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்த விக்கலும் தடதடப்பு போலவேதான் கேட்கும். பெட்ரோல் தாராளமாகப் போகிறது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், உள்ளே பெட்ரோல் போதாமல் கலவை வறண்டுகொண்டிருக்கும். அந்த மாதிரி மிஷினில் முதலில் ஹெச்சை நன்றாகத் திறந்துவிட்டு, சுற்றை அளக்கும் டேக்கோமீட்டர் வைத்து, காயில் வெட்டும் சுற்றுக்குக் கீழேயே நிறுத்துங்கள். ஸ்டில் கம்பெனியின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் மாடல்களில் கலவையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது, அங்கே ஸ்க்ரூ தேடாதீர்கள்.

"பயமா இருந்தா ஆயிலைக் கூடக் கலந்துக்கலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. கலந்தால் அதே துளை வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவை இன்னும் வறண்டுபோகிறது. கம்பெனி 50-க்கு 1 என்று சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி, அளந்து ஊற்றுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். அளவை மாற்றினால் கார்புரேட்டரையும் மறுபடி ட்யூன் செய்தாக வேண்டும்.

நான் போர்ட்டிங்குக்கு, அதாவது சிலிண்டரின் துளைகளை அரைத்து மாற்றுவதற்கு, எதிரி இல்லை. முறையாகச் செய்த மிஷினை நானே பிடித்து அறுத்திருக்கிறேன், வித்தியாசம் கையிலேயே தெரியும். ஆனால் சைலன்சரைத் திறந்தாலும் போர்ட்டைத் திறந்தாலும் காற்று அதிகமாக ஓடும், அதற்கேற்றபடி ஹெச்சை இடப்பக்கம் திறக்கத்தான் வேண்டும். தம்பி செய்தது நேர்எதிர். ஸ்க்ரூவில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி அந்த அளவுக்குத் திரும்ப விடவில்லை என்றால், அந்த வேலையையே தொடாதீர்கள்.

எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே உயர்த்தினால் சக்தி மேல் சுற்றுக்கு நகர்ந்துவிடும், கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். நீளமான பார் போட்டுப் பெரிய மரம் அறுப்பவருக்கு அது நஷ்டம். அளவுக்கு மீறிக் கீழே இறக்கினால், பிஸ்டன் மேலே போகும்போது அதன் பாவாடை (கீழ்ப்பகுதி) விளிம்புக்கும் கீழாகத் துளை திறந்து, பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் கிராங்க்கேஸும் சைலன்சரும் ஒன்றாகிவிடும், மிஷின் ஒழுங்காக ஓடாது. அளவுக்கு மீறி அகலமாக்கினால் ரிங் துளைக்குள் பிதுங்கி விளிம்பில் மாட்டும். பக்கத்துத் துளையை ரிங் முனை வரும் இடம் வரை இழுத்துவிட்டால் முனை மாட்டி உடையும். விளிம்பைச் சாய்வாக மழுக்காமல் விட்டால் சிலிண்டரின் பூச்சே உரிந்து வரும். கம்ப்ரஷனை ஏற்ற சிலிண்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டை எடுப்பவர்கள், ஈயக் கம்பியை உள்ளே விட்டு நசுக்கி, பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தீர்களா? சுமார் 0.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளக்காமல் போட்டால் பிஸ்டன் சிலிண்டர் தலையில் இடிக்கலாம்.

கொஞ்சம் நிறுத்தி ஒன்று கேட்கிறேன். எதற்காக இதையெல்லாம் செய்கிறீர்கள்? வேகமாக அறுக்கவில்லை என்றுதானே? அந்தத் தம்பியின் செயினை விரலில் பிடித்துப் பார்த்தேன். பல் முனை உருண்டு, வெளிச்சத்தில் வெள்ளையாக மினுங்கியது. கூராக இருக்கும் முனை மினுங்காது. மூன்று பல்லுக்கு ஒரு பல் குட்டை. பல்லுக்கு முன்னால் நிற்கும் மேடு ஏறக்குறைய பல் உயரத்துக்கே இருந்தது. அது பொதுவாக 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பல் மரத்தைக் கடிக்கவே கடிக்காது. வட்ட அரத்தால் பல்லையும் தட்டை அரத்தால் மேட்டையும் கொஞ்ச நேரம் தேய்த்திருந்தால் போதும். சிலிண்டரைக் கழற்றியே இருக்க வேண்டாம். மாவு மாதிரி தூள் விழுந்தால் செயினைப் பாருங்கள், சீவல் சீவலாக விழுந்தால் மிஷினை அதன் பாட்டுக்கு விடுங்கள்.

இதற்குப் பிறகும் ட்யூன் செய்துதான் ஆக வேண்டும் என்றால்: ஏர் ஃபில்டர் சுத்தம், பெட்ரோல் புதுசு, செயின் கூர், இவை இல்லாமல் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். முதலில் எல் (குறைந்த சுற்றுக்கான பெட்ரோல் திருகு), பிறகு ஐடில், கடைசியில் ஹெச். ஐடிலில் செயின் ஒரு பல்கூட நகரக் கூடாது, நகர்ந்தால் அந்த மிஷினோடு நடக்காதீர்கள், காலைப் பறிகொடுப்பீர்கள். சைலன்சரில் இருக்கும் தீப்பொறி வலையைப் பிடுங்காதீர்கள், காய்ந்த சருகில் தீ வைக்க ஒரு பொறி போதும். உச்சி வெயிலில் கச்சிதமாக வைத்த கலவை குளிர்ந்த காலையில் வறண்டதாகிவிடும், மலையில் வைத்தது சமவெளியில் வறண்டதாகிவிடும். அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், இடம் மாறினால் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

ரேஸை விட்டபிறகும் சுற்று இறங்காமல் தொங்கினால், எங்கோ ஆயில் சீல் வழியாகவோ இன்டேக் ரப்பர் வழியாகவோ காற்று இழுக்கிறது. அதை ஸ்க்ரூ திருகிச் சரிசெய்ய முடியாது. ஸ்விட்சை அணையுங்கள், நிற்கவில்லை என்றால் சோக்கை இழுங்கள், நின்றுவிடும். அப்புறம் தயவுசெய்து "இன்னொரு தடவை ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று கயிற்றைத் தொடாதீர்கள். சைலன்சரின் போல்ட்டைக் கழற்றி, துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். மெல்லிய கீறல் மட்டும் என்றால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் சிலிண்டர் பிழைத்துக்கொள்ளும். அந்த இன்னொரு இழுப்பில்தான் பல சிலிண்டர்களை இழந்திருக்கிறோம்.