பர்மாவில் வட்டிக்கடை போனது, பகை நின்றது

செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டிப் பெருமையாகப் பேசுவோம். அந்தத் தூண்களை வாங்கிய பணம் பர்மாவில் என்ன விட்டுவிட்டு வந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அன்னிய ஆட்சியும் போரும் ஒரு நாட்டை இன அழிப்பு வரைக்கும் எப்படித் தள்ளுகின்றன என்று புரிந்துகொள்ள நமக்குப் பக்கத்து உதாரணம் பர்மாவும் (இன்றைய மியான்மர்) அங்கிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களும்தான்.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு வெளிநாட்டில் கிராக்கி கூடியது. காடு திருத்த உழவருக்கு முதல் வேண்டும். ஆங்கில வங்கிகள் அவர்களிடம் நேராகப் போகவில்லை. நடுவில் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) வட்டிக்கடை உட்கார்ந்தது, நிலத்தை ஈடாக வைத்துக்கொண்டு. அப்புறம் 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம். 1938இல் 25 சதவீதம். அவர்கள் கேட்டது பணத்தைத்தான், நிலத்தை அல்ல. வயலை இழந்தவருக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

கோபம் கணக்குப் பார்த்துப் போவதில்லை. 1930இல் ரங்கூனில் வெட்டுப்பட்டவர்கள் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளிகள். 1938 கலவரத்தில் பெரும்பாலும் முஸ்லிம்கள். கடன் கொடுத்தவர் ஒருவர், அடி வாங்கியவர் வேறொருவர். 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். போனவர் வந்தவர் எல்லோரும் இனவாரியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறினார்கள். யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்ற பிரிவினைக்கு அது வசதியாகப் போயிற்று.

1942இல் ஜப்பான் படை வந்தது. பர்மாவின் மேற்குக் கரையில் உள்ள அரக்கானில் (இன்றைய ரக்கைன் மாநிலம்) ஆங்கிலேயர் முஸ்லிம்களுக்கு ஆயுதம் கொடுத்தார்கள். ரக்கைன் பௌத்தர்கள் பலர் ஜப்பான் பக்கம் நின்றார்கள். இரு தரப்பிலும் ஊர்கள் எரிந்தன. முஸ்லிம்கள் வடக்கே, பௌத்தர்கள் தெற்கே என்று மாநிலமே பிரிந்துபோனது. அதே ஆண்டு சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். செட்டியார்களுக்குத் திரும்பிவரக் காரைக்குடியும் தேவகோட்டையும் இருந்தன. அரக்கான் முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களுக்கு அரக்கானே ஊர்.

1982 குடியுரிமைச் சட்டம் அந்தப் பழைய கோபத்துக்கு ஒரு தேதி வைத்தது: 1823க்கு முன்பே பர்மாவில் குடியிருந்த இனங்களுக்குத்தான் முழுக் குடியுரிமை. முதல் ஆங்கிலோ-பர்மியப் போர் தொடங்கியது 1824இல்; அதாவது ஆங்கிலேயருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வந்தேறிகள் என்று கணக்கு. ஆனால் அரக்கானில் நெடுங்காலமாக வாழும் முஸ்லிம்களைப் பற்றி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் 1799இலேயே எழுதியிருக்கிறார். அரசு அங்கீகரித்த 135 இனங்களில் ரோஹிங்கியா இல்லை. நாடற்றவர்களை விரட்டுவது சுலபம்: 1978இல் சுமார் 2 லட்சம் பேர், 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள்.

இதற்காக எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட முடியாது. 2017இல் ஊர்களைக் கொளுத்தியது மியான்மர் ராணுவம். அதன் உயர் தளபதிகளை இன அழிப்புக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்று 2018இல் ஐநா உண்மை அறியும் குழு சொன்னது. 2019இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா மியான்மர் மீது வழக்குப் போட்டுச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. ரோஹிங்கியாக்களைக் காக்கும்படி 2020 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது.