ஃபிளை ஃபிஷிங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கோபியிலிருந்து அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் நீளமாகக் கயிறு வீச, கீழே 'பறக்கும் மீன்பிடித்தல்' என்று எழுத்து ஓடுகிறது. "ஏனுங் மாமா, பறந்துக்கிட்டேவா மீன் புடிப்பாங்க?" என்று கேட்டான். எந்திரம் மொழிபெயர்த்தால் இப்படித்தான். இன்னும் சிலர் 'ஈ மீன்பிடிப்பு' என்கிறார்கள், அதுவும் சரியில்லை.

ஃபிளை என்றால் இன்றைய ஆங்கிலத்தில் ஈ. பழைய ஆங்கிலத்திலோ சிறகுள்ள எந்தப் பூச்சிக்கும் அதே பெயர், தூண்டில்காரர்கள் அந்தப் பழைய பொருளை இன்னும் விடவில்லை. அவர்கள் ஃபிளை என்பது தூண்டில் முள்ளின் மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சியை. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்ற ரோமானியர் இதை எழுதி வைத்திருக்கிறார்: மாசிடோனியாவின் ஆற்றில் முள்ளுக்குச் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டுவார்களாம். (சேவல் இறகுக்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்லை.)

நம்மூர்த் தூண்டியில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே அந்தப் பூச்சிக்குக் கனமே கிடையாது, கயிறுதான் கனம், கயிறு போகிற இடத்துக்குப் பூச்சி பின்னாலேயே போகிறது. அதனால் வீசுவது சாட்டை சுழற்றுகிற மாதிரி இருக்கும், ஆனால் சாட்டை போலச் சுளீரென்று சத்தம் வந்தால் அது பிழை. பின்னால் போன கயிறு முழுசாக நீளும்வரை ஒரு நொடி பொறுக்காமல் முன்னே இழுத்துவிட்டீர்கள், பூச்சி அறுந்து போயிருக்கும். பவானிக் கரையில் நான் தொலைத்ததில் பாதி இப்படி, மீதி தென்னை மட்டையில்! பின்னால் மரம் இருந்தால் கயிற்றைத் தண்ணீரிலேயே கிடத்தி, மெல்ல இழுத்து வந்து, முன்னே உருட்டி வீச வேண்டும்.

சரி, தமிழ்ச் சொல். பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பாணன் மகன் மீன் பிடிக்கிறான், அவனுடைய சாமான்கள் எல்லாம் அங்கேயே பெயரோடு கிடக்கின்றன. மூங்கில் கோலுக்கு 'நெடுங்கழை', கயிற்றுக்கு 'நாண்', முள்ளுக்கு 'கொடுவாய் இரும்பு'. கொடு என்றால் வளைவு. ஆங்கிலேயர் தூண்டில்காரரை ஆங்கிளர் என்பதும் முள்ளைக் குறித்த ஒரு பழஞ்சொல்லிலிருந்து வந்ததுதான், அதற்கும் வேர் வளைவு. அந்தப் பாட்டில் வாளை மீன் இரையைக் கவ்விக்கொண்டு முள்ளைத் தனியே விட்டுவிடுகிறது, அப்புறம் கரையோரப் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டு மிரள்கிறது. நிழல் தண்ணீரில் விழாமல் நில் என்று ஃபிளை ஃபிஷிங்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

என் தேர்வு 'பொய்ப்பூச்சித் தூண்டில்'. ஃபிளை பொய்ப்பூச்சி, ராட் கழை, லைன் நாண். ரீலுக்கு உருளை போதும். லீடர் என்பது நாணுக்கும் பூச்சிக்கும் நடுவே வரும், நுனி மெலிந்துகொண்டே போகிற நரம்பு. பொதுவாக 9 அடி. அதை 'நுனிநரம்பு' எனலாம்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது நாணின் எண். எண் கூடக் கூடக் கனம் கூடும், கழையும் அதே எண்ணில் இருக்க வேண்டும். குளத்துக் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் 5 போதும். முள்ளின் நுனியருகே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள், மீனை விடுவதும் எளிது, உங்கள் காதில் மாட்டினால் எடுப்பதும் எளிது.

இந்தத் தூண்டிலுக்குப் பேர்போன டிரவுட் மீனை நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள், அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகமே வைத்தார்கள். மோயாற்றின் பெரிய மஹ்சீர் மீன் வேறு கதை. காவிரிக்கும் அதன் கிளைகளுக்கும் மட்டுமே உரிய அந்தத் திமில் மஹ்சீர், 2018 முதல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது, அது வாழ்கிற இடமும் புலிகள் காப்பகம். அங்கே தூண்டிலோடு போகாதீர்கள்.

அக்கா மகன் இப்போது களத்தில் முள் இல்லாமல், நுனியில் கம்பளி முடிச்சு மட்டும் கட்டி வீசிப் பழகுகிறான். கோழிகள்தான் துரத்துகின்றன.