கொல்வது பூஞ்சை, தடை கோடரிக்கு: அமெரிக்காவின் வௌவால் விதி

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் பத்துப் பதினைந்து மரங்களை எடுத்துவிட்டு ஒரு கொட்டகை போட வேண்டும். ஜூன் மாதம், வெயில் நன்றாக அடிக்கிறது, மரம் வெட்ட ஆளும் கிடைத்துவிட்டார். நீங்கள் அமெரிக்காவின் கிழக்குப் பக்கமோ நடுப்பகுதியிலோ இருப்பவரானால் இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். உரிந்து தொங்கும் அந்த மரப்பட்டைக்கு உள்ளே, எட்டு கிராம்கூட இருக்காத ஒரு வௌவால் தன் குட்டியோடு ஒண்டியிருக்கலாம். மரம் விழுந்து அது செத்தால் மத்திய அரசின் சட்டத்தை நீங்கள் மீறியதாகிவிடும்.

அதன் பெயர் வடக்கு நீள்காது வௌவால். 37 மாநிலங்களில் வாழ்கிறது. 2023 மார்ச் 31 முதல் அது, 1973ஆம் ஆண்டின் அழியும் உயிரினங்கள் சட்டப்படி 'அழியும் நிலையில் உள்ளது' என்ற பட்டியலில் இருக்கிறது.

ஆனால் இதை அழிப்பது மரம் வெட்டுகிறவர் இல்லை, வெண்மூக்கு நோய். 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு அருகே ஒரு குகையில் எடுத்த படத்தில்தான் இது முதலில் பதிவானது. மூக்கிலும் இறக்கையிலும் மாவு அப்பியதுபோல வெள்ளையாகப் பூஞ்சை. குளிர் இருந்தால்தான் வளரும் என்பதால் மனிதரை ஒன்றும் செய்யாது. குளிர்காலம் முழுக்க உடலைக் குளிரவைத்துத் தூங்கும் வௌவாலுக்கோ அதுவே எமன். பூஞ்சை தோலை அரிக்க, வௌவால் திரும்பத் திரும்ப விழித்துக்கொள்கிறது. ஒவ்வொரு விழிப்புக்கும் சேர்த்து வைத்த கொழுப்பு கரைகிறது. வசந்தம் வரை வர வேண்டிய கையிருப்பு ஜனவரியிலேயே தீர்ந்துபோனால், பட்டப்பகலில் பனிக்குள் பூச்சி தேடிப் பறந்து போய் விழுந்து சாகிறது. நோய் புகுந்த இடங்களில் இந்த இனம் 97 முதல் 100 சதவீதம் வரை குறைந்துவிட்டது என்பது அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவைத் துறையின் கணக்கு. ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி போடும் பிராணி. விட்டதை எப்போது பிடிக்கும்?

சரி, பூஞ்சை கொல்வதற்கு என் மரத்தை ஏன் வெட்டக்கூடாது? இந்தக் கேள்வி 2015லேயே வந்தது. அந்த ஆண்டு இந்த வௌவாலை ஒரு படி கீழே, 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்ற பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் படியில் இருக்கும் உயிரினத்துக்கு 4(டி) என்ற பிரிவின் கீழ் தனி விதி எழுதித் தளர்வு கொடுக்கலாம். கொடுத்தார்கள். அது உறங்குவதாகத் தெரிந்த குகையிலிருந்து கால் மைலுக்குள் வெட்டாதே. குட்டி இருப்பதாகத் தெரிந்த மரத்தையும் அதைச் சுற்றி 150 அடியையும் ஜூன், ஜூலையில் தொடாதே. மற்றபடி வெட்டலாம் என்பதே அதன் சாரம். எந்த மரத்தில் எந்த வௌவால் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 'தெரிந்த' என்ற ஒரு சொல்லுக்குள் முக்கால்வாசிக் காடும் நழுவிப் போனது. இந்த இனத்தை ஒரு படி கீழே வைத்தது சரியில்லை என்று 2020 ஜனவரியில் நீதிமன்றம் சொல்ல, துறை மறுபடி ஆராய்ந்து 2022 நவம்பரில் மேல் பட்டியலுக்கு மாற்றியது. அத்தோடு 4(டி) தளர்வும் போயிற்று.

என்னைக் கேட்டால் இதில் நியாயம் இருக்கிறது. பூஞ்சைக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. நோய்க்குத் தப்பிய நூற்றில் இரண்டு மூன்றையாவது குட்டி போட விடுவதுதான் சட்டத்தின் கைக்கு எட்டிய வேலை.

இப்போது என்ன செய்யக்கூடாது? கொல்வது, பிடிப்பது மட்டுமல்ல. துரத்துவது, காயப்படுத்துவது, தொல்லை கொடுப்பது எல்லாமே தடை. தெரிந்தே மீறினால் 50,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. சொந்த நிலம் என்பதால் விலக்கு இல்லை. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை என்றால், அந்த அலுவலகம் முன்கூட்டியே வனவிலங்குத் துறையைக் கலந்தாக வேண்டும். தனியார் வேலையில் அந்தப் படி கிடையாது. ஆனால் வௌவாலுக்குத் தீங்கு நேரும் என்று தெரிந்தால் தனி அனுமதி வாங்க வேண்டும்.

நடைமுறையில் முதல் வேலை, துறையின் ஐபேக் இணையதளத்தில் (நம்மூர்த் தேர்தல் ஐபேக் அல்ல) உங்கள் இடத்தை வரைபடத்தில் குறிப்பது. அங்கே எந்தெந்த உயிரினம் இருக்கக்கூடும் என்று அது பட்டியல் தரும். வடக்கு நீள்காது வௌவாலுக்கென்றே ஒரு கேள்வி-பதில் படிவமும் உண்டு. பெயர் வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். மார்பு உயரத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் விட்டமும், பட்டை உரிந்தோ பொந்து விழுந்தோ வௌவால் ஒண்ட இடமும் உள்ள மரங்கள்தான் கணக்கு. காட்டிலிருந்து 1,000 அடிக்கு அப்பால் தெருவோரம் தனியாக நிற்கும் மரத்தைப் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று இருக்கிறது: வௌவால்கள் குகைக்குள் போய்விட்ட குளிர்காலத்தில் வெட்டுவது. தேதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பரணில் வௌவால் இருந்தால்? கோடையில் ஓட்டையை அடைத்தால் பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளேயே செத்து நாறும். பல மாநிலங்கள் அந்த மாதங்களில் அடைப்பதையே தடை செய்திருக்கின்றன. தூங்குபவர் அல்லது சிறு குழந்தை இருக்கும் அறையில் வௌவாலைக் கண்டால் கதை வேறு. வெறிநோய் ஆபத்து உண்டு. கடி தெரியாமலும் இருக்கும். ஜன்னலைத் திறந்து விரட்டாதீர்கள். வெறுங்கையால் தொடாமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டு, கவுன்டி சுகாதாரத் துறைக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் சோதிக்க வேண்டியது அதன் மூளையை என்பதால் தலையில் அடிக்கவும் கூடாது. ஆபத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்ததைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை.

அப்புறம் குகை. பெரும்பாலும் வௌவாலிடமிருந்து வௌவாலுக்கே இந்நோய் பரவினாலும், பூஞ்சை வித்துகள் நம் செருப்பிலும் பையிலும்கூடப் பயணம் செய்யும். கென்டக்கியின் மேமத் குகைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: சுற்றிப் பார்த்து வெளியே வந்ததும் சோப்புத் தண்ணீரில் ஊறிய விரிப்பின் மேல் நடக்கவிடுவார்கள், ஷூவின் அடி சொதசொதவென்று நனையும். அலுத்துக்கொள்ளாமல் நடந்துவிடுங்கள். ஒரு குகையில் போட்ட உடுப்பையும் ஷூவையும் அப்படியே இன்னொரு குகைக்குப் போட்டுப் போகாதீர்கள். நனைக்கக்கூடிய பொருள் என்றால் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் முங்கியிருக்க வேண்டும். வெறும் அலசல் போதாது.