டன்னமோரா: சின்ன சுரங்கத்துக்கு எதுக்கு அவ்ளோ மவுசு?

ஸ்வீடன்ல உப்சாலாவுக்கு வடக்க டன்னமோரான்னு ஒரு இரும்புச் சுரங்கம். அதே நாட்டு கிரூனா சுரங்கத்தோட வச்சுப் பாத்தா இது பொடிசு. ஆனா 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து ஷெஃபீல்டு ஸ்டீல்காரங்க இந்த ஊர் இரும்பத்தான் தேடித் தேடி கூடுதல் காசு குடுத்து வாங்குனாங்க.

சுமார் 190 கோடி வருஷம் முன்னாடி அங்க ஆழமில்லாத கடலு, சுத்தி எரிமலைங்க. சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் மாத்தி மாத்தி படிஞ்சிருக்கு. பாறைக்குள்ள பூந்து சூடேறுன தண்ணி வழியில இருந்த இரும்பக் கரைச்சு எடுத்துக்கிட்டு வந்துச்சு. மார்பிள் தரையில பாத்ரூம் ஆசிட் சிந்துனா புஸ்ஸுன்னு நுரைச்சு குழி விழும்ல, கிட்டத்தட்ட அந்தக் கதைதான், அந்த அமிலத் தண்ணி சுண்ணாம்பக் கரைச்சுது, கரைக்கக் கரைக்க அதோட அமிலம் செத்துப்போச்சு, அதுக்கப்புறம் இரும்பச் சுமக்க முடியாம அங்கயே இறக்கி வச்சிருச்சு. சுண்ணாம்பு போன இடத்துல மேக்னடைட்டுங்கற இரும்புத் தாது. கன்னங்கரேல்னு இருக்கும், காந்தம் வச்சா டக்குனு ஒட்டும், கையில எடுத்தா சைஸுக்கு சம்பந்தமே இல்லாத கனம். சுண்ணாம்பு இருந்த இடத்துல மட்டும்தான் தாது, அதான் சுரங்கமும் சின்னது.

மவுசுக்கு காரணம் இதுல என்ன இல்லைங்கறதுதான். பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி. அது ஏறுச்சுன்னா இரும்பு குளிர்ல படக்குனு உடையும். சல்ஃபர் ஏறுனா சூட்டுல சம்மட்டி போடும்போதே பிளந்துக்கும். கூடவே இந்தத் தாதுல மாங்கனீஸ் இருக்கு, அது சல்ஃபரப் பிடிச்சு அடக்கி வச்சுக்கும். (மாங்கனீஸ தனியா சேத்து ஸ்டீல் பண்ண 1839ல பேடன்ட் வாங்குன ஜோசையா ஹீத் யாருன்னா, அதுக்கு முன்னாடி நம்ம சேலத்துத் தாதுவ பரங்கிப்பேட்டையில உருக்குன அதே ஆளு!)

1481லயே ஒரு பத்திரத்துல இந்த இடத்தப் பத்தி பேச்சு வருது, அதுவும் வெள்ளி கிடைக்கிற எடம்னு. 17ஆம் நூற்றாண்டுல பெல்ஜியம் பக்கத்துல இருந்து வல்லூன் கொல்லர்கள் வந்து பட்டறை போட்டதும்தான் இரும்புத் தொழில் சூடு பிடிச்சுது. தோண்டுனா தண்ணி ஊறும்ல, அத இறைக்க மார்ட்டன் ட்ரீவால்டுன்னு ஒருத்தர் 1728ல ஸ்வீடனோட முதல் நீராவி எஞ்சின இங்கதான் கொண்டாந்து வச்சாரு. அடிக்கடி படுத்துருச்சு, கடைசியில கைவிட்டுட்டாங்க.

1992ல மூடுனாங்க, 2012ல திரும்பத் தொறந்தாங்க, தாது வெல சரிஞ்சதும் 2015ல மறுபடி பூட்டு.