சாலையைப் பார்க்காமலே அதன் வழுக்கலை அறியும் கார்

பழைய ஸ்கைலைன் காரை ஜப்பானிலிருந்து வரவழைத்து, அதில் முந்தைய உரிமையாளர் மாட்டிய விலையுயர்ந்த பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஆக்குகிறார்களே, எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவர் கேட்பது 1989-இல் வெளிவந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32 பற்றி. 25 ஆண்டு தாண்டிய காருக்கு அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதனால் 2014 முதல் இது அங்கே போய் இறங்குகிறது. 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி). அதிக அழுத்தம் வைத்தால் டர்போவின் செராமிக் டர்பைன் உடைந்துபோகும் என்பதால் பலர் எஃகு டர்போவுக்கு மாறியிருப்பார்கள். துரு, ரப்பர் புஷ், வயரிங் எல்லாம் எந்தப் பழைய காருக்கும் உள்ள வேலைதான். இந்தக் காருக்கே உரியது அட்டீசா ஈ-டிஎஸ் என்ற நான்கு சக்கர இயக்கம். என்னைக் கேட்டால், ஒரிஜினல் நிலைக்குத் திருப்ப அது ஒன்றே போதுமான காரணம்.

சாதாரணமாக இது பின்சக்கரங்களால் ஓடும் கார். கியர்பாக்ஸுக்குப் பின்னால் எண்ணெயில் மூழ்கிய பல தட்டு கிளட்ச் ஒன்று இருக்கிறது. ஹைட்ராலிக் அழுத்தம் அந்தத் தட்டுகளை நெருக்கினால் முன்சக்கரங்களுக்கும் விசை போகும், அதிகபட்சம் பாதி. எப்போது, எவ்வளவு நெருக்குவது என்பதில்தான் அழகு.

பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழன்றால் அது வழுக்குகிறது என்று பொருள். ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரங்களின் சுழற்சியை அளக்கும் சென்சார்கள் அதைக் கணினிக்குச் சொல்கின்றன. ஆனால் அது மட்டும் போதாது. வளைவில் முன்டயர் திரும்பவும் வேண்டும். இழுக்கும் வேலையையும் அதிகமாகக் கொடுத்தால் திரும்பப் பிடிப்பு மிஞ்சாது. ஆகவே கணினிக்குச் சாலையின் உராய்வு தெரிந்தாக வேண்டும். அதை நேரடியாக அளக்கும் கருவி காரில் கிடையாது.

இங்கேதான் காரின் முடுக்கத்தை அளக்கும் ஜி-சென்சார் வருகிறது. பள்ளியில் படித்த மையநோக்கு முடுக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும். 50 மீட்டர் ஆர வளைவில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போனால் வினாடிக்கு 20 மீட்டர். பக்கவாட்டு முடுக்கம் 8 மீ/வி², ஏறத்தாழ 0.8 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). காய்ந்த தார்ச்சாலை இதைத் தாங்கும். பனி படிந்த சாலையில் டயர் 0.2 ஜி மட்டுமே தரும் என்று வைத்துக்கொண்டால், அதே வளைவில் 36 கி.மீ. வேகத்திலேயே கார் வழுக்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் பின்சக்கரம் வழுக்கும்போது பக்கவாட்டு முடுக்கம் பெரிதாக இருந்தால் சாலையில் நல்ல பிடிப்பு இருக்கிறது. கிளட்சை லேசாக நெருக்கினால் போதும், ஸ்டியரிங் கூர்மை கெடாது. முடுக்கம் சிறிதாக இருந்தால் சாலை வழுக்கல்; உடனே அழுத்து, முன்சக்கரங்களையும் இழுக்கச் சொல். சாலையைப் பார்க்காமல், கார் தாங்கும் முடுக்கத்திலிருந்தே உராய்வை ஊகிக்கிறார்கள். 1980-களின் கணினியை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மலைப்பு குறைவதில்லை.

கணினி எல்லாவற்றையும் சென்சார்களை நம்பித்தான் செய்கிறது. ஜி-சென்சாரின் மின்னழுத்தத்தை மாற்றிக் காட்டி, முன்சக்கரங்களுக்குக் கூடுதல் விசை வரவழைக்கும் கருவிகள் விற்பனைக்கு இருந்தன. அப்படி ஒன்று மாட்டியிருந்தால், அதை எடுத்துவிட்டு வெட்டிய வயர்களைப் பழையபடி இணைக்க வேண்டும். ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருந்தால் அதையும் வெளியேற்ற வேண்டும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது; காற்று இருந்தால் அழுத்தம் கிளட்சுக்கு முழுதாகப் போய்ச் சேராது.

நிஸ்ஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2017-இல் இந்தக் காருக்கான சில பாகங்களை மறுபடி விற்கத் தொடங்கியது. மனமாரப் பாராட்டுகிறேன். பாகங்களோடு பழைய சர்க்யூட் வரைபடங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் எல்லா நிறுவனங்களும் பொதுவில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாணவர்கள் பிரித்துப் பார்த்துக் கற்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

கடைசியாக டயர். தொடக்கத்தில் வந்தது நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு, 225/50 ஆர்16. பின்டயர் மட்டும் தேய்ந்து விட்டம் குறைந்தால், நேர்சாலையிலும் அது முன்டயரைவிட வேகமாகச் சுழலும். வழுக்கல் என்று நினைத்துக் கணினி கிளட்சை நெருக்கும். தட்டுகள் உரசிச் சூடேறும். டயரை நான்காகச் சேர்த்தே மாற்றச் சொல்வது இதனால்தான்.