தனியுரிமை: யாருக்கு எதில் உரிமை?

புதுச் செல்போனில் ஒரு செயலியை நிறுவிக்கொண்டிருந்த சித்தப்பா, “உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்” என்ற வரியில் நின்றுவிட்டார். “இது எனக்கு மட்டும் சொந்தம்னு சொல்றானாடா?” என்று கேட்டார். கூட்டுப்பட்டாவில் இருந்த நிலத்தைத் தனிப்பட்டாவாக மாற்ற அலைந்து, போன மாதம்தான் அந்த வேலையை முடித்திருந்தார். தனி, உரிமை என்ற இரண்டு சொற்களையும் அவர் சரியாகவே படித்திருக்கிறார். பிழை அந்த வரியில் இருக்கிறது.

‘தனியுரிமை’ என்று மொழிபெயர்க்கப்படும் பிரைவசி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன். பொதுப் பணிகளிலிருந்து ஒதுங்கி இருப்பவரைக் குறித்த ‘பிரிவாட்டுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பிறர் பார்வைக்கும் தலையீட்டுக்கும் அப்பால் இருக்கும் நிலை என்பதுதான் அதன் பொருள். அது ஒரு நிலை. உரிமை என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

அதனால்தான் 1890இல் அமெரிக்க வழக்கறிஞர்களான சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைஸும் ஹார்வர்டு சட்ட இதழில் இதைப் பற்றி எழுதியபோது, தலைப்பில் ‘உரிமை’ என்பதைத் தனிச் சொல்லாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நொடியில் படம் பிடிக்கும் கேமராவும் செய்தித்தாள்களும் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் அன்று அவர்களுக்கு இருந்த கவலை. அந்தத் தலைப்பை இன்றைய வழக்கப்படி தமிழாக்கினால் ‘தனியுரிமைக்கான உரிமை’ என்று வரும். உரிமைக்கு ஓர் உரிமை! 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தந்த தீர்ப்பைத் தமிழில் சொல்லும்போதும் இதே சிக்கல்தான். ‘தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை’ என்றால், எது உரிமையாக ஆக்கப்பட்டது என்பதே வாக்கியத்தில் இல்லாமல் போகிறது. ‘அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே விளங்கும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் தன் கையிலேயே பூட்டி வைத்திருக்கும் மென்பொருளை, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளின் ஆர்வலர்கள் சிலர் ‘தனியுரிமை மென்பொருள்’ என்கிறார்கள். அங்கே அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அது உண்மையிலேயே ஒருவருக்கு மட்டுமான உரிமை. சரி, இப்போது இந்த வாக்கியத்தைப் படியுங்கள்: “தனியுரிமை மென்பொருள் உங்கள் தனியுரிமையைப் பறிக்கிறது.” ஒரே சொல் பறிப்பவன் பக்கமும் நிற்கிறது, பறிகொடுப்பவன் பக்கமும் நிற்கிறது. இதைத் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு எப்படி விளக்குவது? கலைச்சொல் பட்டியலில் ஒருமுறை ஏறிவிட்டது என்பதற்காகவே மொழிபெயர்ப்பாளர்கள் செயலிக்குச் செயலி இதை எடுத்து ஒட்டுகிறார்கள். முழு வாக்கியத்தையும் வாய்விட்டு ஒருமுறை படித்திருந்தால்கூட இது தட்டுப்பட்டிருக்கும்.

சிலர் ‘ரகசியம்’ என்று எழுதுகிறார்கள். அதுவும் ஒத்துவராது. துணிக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள். என் நம்பர் ரகசியமில்லை, பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வரை எல்லோரிடமும் இருக்கிறது. ஆனாலும் ஒரு சட்டை வாங்கியதற்காக அதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. யாருக்கு எதைத் தெரியவிடுவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். ரகசியம் என்று சொன்னதும் “மறைக்க என்ன இருக்கு, தப்பு பண்ணினாயா?” என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கும் சொல்லை நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

‘அந்தரங்கம்’ வடசொல் என்பார்கள். உண்மைதான். பத்திரிகைகளின் கேள்வி பதில் பகுதிகளால் அதில் படுக்கையறை வாடை ஏறிவிட்டது என்றும் சொல்வார்கள். ஆனால் ‘அந்தரங்க சுத்தியோடு’ என்று எழுதும்போது யாரும் அப்படி நினைப்பதில்லை. “கொஞ்சம் அந்தரங்கமாப் பேசணும்” என்று பாட்டிமார் சொல்வதும் உண்டு. தூய தமிழா, தெளிவா என்று கேட்டால் நான் தெளிவின் பக்கம்தான்.

தமிழ் வேர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு ‘அகமறைவு’ என்பதை முன்வைக்கிறேன். துணி மாற்ற “ஒரு மறைவு வேணும்” என்று இன்றும் சொல்கிறோம். வெறும் மறைவு என்றால் இறப்பையும் குறிக்கும் என்பதால்தான் அகத்தைச் சேர்த்தேன். இந்த இரண்டு வேரும் ஒரே குறளில் வருகின்றன: “மறைபெறல் ஊரார்க்கு அரிதன்றால் எம்போல் அறைபறை கண்ணார் அகத்து.” உள்ளே இருப்பதைப் பறையடித்துச் சொல்லும் கண்களை உடையவரின் மனத்தில் உள்ளதை ஊரார் அறிவது கடினமில்லை என்கிறாள் அந்தக் குறளில் பேசும் பெண். அவள் செய்தது குற்றமில்லை, காதல்தான். ஆனாலும் அது ஊருக்குத் தெரிவதில் அவளுக்கு வலி இருக்கிறது. இன்று அந்தப் பறை நம் சட்டைப் பையில் இருக்கிறது.

சித்தப்பாவிடம் அந்த வரியை, “உங்க அந்தரங்கத்தைக் காப்பாத்துவோம்னு சொல்றாங்க” என்று மாற்றிச் சொன்னேன். செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்போ என் போன்ல இருக்கற போட்டோ எல்லாம் இவன் பார்ப்பானா?”